வண்ணத்துப்பூச்சி நீச்சலும் நம் மலைப் பிள்ளைகளும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பட்டிப்பொலயில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ தான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். தேநீரில் சீனியைக் குறையுங்கள் என்று நாங்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு உங்களுக்கும் அலுத்துப் போயிருக்கும். ஆகவே இன்று வேறொரு விடயத்தை எடுத்திருக்கிறோம். ஒரு நீச்சல் வீரரின் கதை. அதன் முடிவில் சங்கத்திடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

பட்டிப்பொலயில் நின்றுகொண்டு நீச்சலைப் பற்றிப் பேசுவது சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். கடல்மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரம். நாட்டிலேயே மிக உயரத்தில் உள்ள புகையிரத நிலையம் இங்கேதான் இருக்கிறது. தை மாதத்துப் பனியில் முகம் கழுவவே கை கூசும். இந்தக் குளிரில் யார் நீந்துவது என்று கேட்பீர்கள். கதையைக் கேட்டபின் அந்தக் கேள்விக்கு நாமே பதில் சொல்லலாம்.

சாஜன் பிரகாஷ் என்ற பெயர் நம்மில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1993ஆம் ஆண்டு கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் பிறந்தவர். இடுக்கியும் நம்மைப் போலவே தேயிலையும் ஏலமும் விளைகிற மலைநாடு. மழையும் மண்சரிவும் நமக்குப் போலவே அவர்களுக்கும் பழக்கம். அவருடைய தாய் சாந்திமோள் ஓர் ஓட்ட வீராங்கனை. தமிழ்நாட்டில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. மகனைத் தனியாளாக வளர்த்த தாய் அவர். மலையில் பிறந்த பிள்ளை சமவெளியில் ஒரு சுரங்க நகரத்தில் வளர்ந்தது.

நெய்வேலி பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1956இல் தொடங்கிய அந்த அரச நிறுவனம் தொழிலாளர் குடியிருக்க ஒரு நகரத்தையே கட்டியது. வீடு, பாடசாலை, வைத்தியசாலை, விளையாட்டுத் திடல் எல்லாம் அதனுள் இருந்தன. நீச்சல் தடாகமும் இருந்தது. அந்தத் தடாகத்தில்தான் சாஜன் முதலில் தண்ணீரில் கால் வைத்தார். கம்பனி கட்டிய குடியிருப்பில் வாழ்வது என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. லயம், பெரட்டுக் களம், பிள்ளைக் காம்பரா, டிஸ்பென்சரி என்று நம் பாட்டிமாருக்கும் ஒரு கம்பனி எல்லாவற்றையும் அளந்துதான் கொடுத்தது. அந்த அளவில் தொழிலாளியின் பிள்ளைக்கு ஒரு தடாகம் இடம்பெறவில்லை. அவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் அந்த வேறுபாடு எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள்.

சாஜன் தேர்ந்துகொண்டது வண்ணத்துப்பூச்சி நீச்சல். நீச்சல் வகை நான்கில் இதுதான் இளையது. மார்பு நீச்சல்காரர்கள் வேகத்துக்காகக் கைகளைத் தண்ணீருக்கு மேலே வீசத் தொடங்கியதில் பிறந்தது. ஒலிம்பிக்கில் தனிப் போட்டியாக வந்தது 1956இல் மெல்போர்னில். பெண்களுக்கான முதல் 100 மீற்றர் தங்கத்தை வென்ற அமெரிக்கப் பெண் ஷெல்லி மான், சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டவர். சோர்ந்த தசைகளுக்கு வலு வரட்டும் என்றுதான் அவரைத் தண்ணீரில் இறக்கினார்கள். வைத்தியர்களாகிய எங்களுக்கு இந்தச் செய்தி எப்போதும் இனிப்பானது.

பார்க்க அழகான இந்த நீச்சல் உடலுக்கு மிகவும் கடினமானது. இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் தண்ணீருக்கு மேலே முன்னே வர வேண்டும். இரண்டு கால்களும் ஒன்றாக அடிக்க வேண்டும். ஒரு கைவீச்சுக்கு இரண்டு உதை. திரும்பும்போதும் முடிக்கும்போதும் சுவரை இரு கைகளாலும் ஒரே வேளையில் தொட வேண்டும். ஒரு கை முந்தினாலும் நடுவர் தகுதி நீக்கிவிடுவார். கட்டற்ற நீச்சலிலும் மல்லாக்கு நீச்சலிலும் ஒரு கை உழைக்கும்போது மறு கை சற்று ஆறிக்கொள்ளும். இதில் அந்த ஆறுதல் கிடையாது. தோள் மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்கள் ஆயிரக்கணக்கான தடவை உராய்கின்றன. மூச்செடுக்க நாடியை முன்னே தூக்கும்போதெல்லாம் கழுத்தின் பின்புறம் மடிகிறது. இடுப்பு அலைபோல் ஏறி இறங்குவதால் முதுகின் அடிப்பகுதிக்கும் வேலை. நாள் முழுதும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கிற நம் தாய்மாரின் கழுத்தும் தோளும் படுகிற பாட்டை அறிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சிரமமில்லை.

இந்த நீச்சலில் 200 மீற்றர் தூரம்தான் சாஜனின் போட்டி. 50 மீற்றர் தடாகத்தில் நான்கு நீளம். நெய்வேலியைத் தாண்டிப் போக வேண்டிய நேரம் வந்தபோது பெங்களூரு பசவனகுடி நீச்சல் நிலையத்தில் பயிற்றுநர் பிரதீப் குமாரிடம் சேர்ந்தார். 2015இல் கேரளத்தில் நடந்த தேசிய விளையாட்டு விழாவில் 6 தங்கமும் 3 வெள்ளியும் வென்றார். அடுத்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் நீந்தினார். 28ஆம் இடம். ஊரில் முதல்வனாக இருந்தவன் உலகத்தின் முன்னே போய் நிற்கும்போது கிடைக்கிற பாடம் அது. நம் பாடசாலையில் முதலாம் பிள்ளையாக இருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன நமக்கும் அந்தப் பாடம் கிடைத்திருக்கிறது, இல்லையா?

2018 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு விழா. அதே நாட்களில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. இடுக்கியில் அணைக் கதவுகள் திறக்கப்பட்டிருந்தன. சாஜனின் தாய்வழி உறவினரோடு தொடர்பு அறுந்துபோயிருந்தது. அந்தக் கவலையைச் சுமந்துகொண்டுதான் அவர் தடாகத்தில் இறங்கினார். தகுதிச் சுற்றைக் கடந்து இறுதிப் போட்டியில் 1 நிமிடம் 57.75 விநாடியில் ஐந்தாவதாக வந்தார். அது இந்தியாவின் புதிய தேசியச் சாதனை. 1986இல் சோல் நகரில் கசான் சிங் இதே போட்டியில் வெள்ளி வென்ற பிறகு, 32 ஆண்டுகளாக எந்த இந்தியரும் அந்த இறுதிச் சுற்றை எட்டியிருக்கவில்லை. மண்சரிவு எச்சரிக்கை வந்த இரவில் தோட்டத்துக்குத் தொலைபேசி எடுத்துப் பதில் கிடைக்காமல், மறுநாள் காலையில் வேலைக்குப் போன அனுபவம் வெளியூரில், வெளிநாட்டில் வாழும் நம் பழைய மாணவிகளுக்கு உண்டு. அவர்களுக்கு அந்த ஐந்தாம் இடத்தின் கனம் தெரியும்.

அதன்பின் உடம்பு தடுத்தது. கழுத்து முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தியது. முன்னே சொன்னோமே, மூச்செடுக்கும் ஒவ்வொரு முறையும் மடிகிற அதே கழுத்து. நரம்பு அழுத்தப்பட்டால் தோளும் கையும் வலிக்கும், வலுக் குறையும். வண்ணத்துப்பூச்சி நீச்சல்காரருக்கு அதுவே எல்லாம் முடிந்தது போலத்தான். அதோடு கொரோனாவும் சேர்ந்துகொண்டது. தாய்லாந்தில் பயிற்சிக்குப் போயிருந்த சாஜன் அங்கேயே முடங்கினார். தடாகங்கள் மூடிக் கிடந்தன. 2020இன் பிற்பகுதியில் துபாய்க்குச் சென்று பழைய பயிற்றுநர் பிரதீப் குமாருடன் மறுபடி தொடங்கினார். இத்தகைய பாதிப்பில் திரும்பி வருவது அவசரத்தில் நடக்கிற காரியம் இல்லை. வலி தாண்டாத அளவில் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். நாங்கள் நோயாளிகளுக்கு எப்போதும் சொல்வதும் அதுவே. கேட்பவர்கள்தான் குறைவு.

டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு நேரடித் தகுதி பெற 1 நிமிடம் 56.48 விநாடிக்குள் நீந்த வேண்டும். அதுவரை எந்த இந்திய நீச்சல் வீரரும் வீராங்கனையும் எந்தப் போட்டியிலும் இப்படி நேரடி 'ஏ' தகுதி பெற்றதில்லை. கெடு 2021 ஜூன் 27. பெல்கிரேட்டில் 1 நிமிடம் 56.96 விநாடி எடுத்தார். போதவில்லை. ஜூன் 26, கெடுவுக்கு முதல் நாள், ரோம் நகரில் மறுபடி இறங்கினார். 1 நிமிடம் 56.38 விநாடி. பத்தில் ஒரு விநாடி மிச்சம். ஒரு கொழுந்தைக் கிள்ளுகிற நேரம்கூட இல்லை அது. அந்த மிச்சத்தில்தான் இந்திய நீச்சல் வரலாற்றில் முதன்முதலாக நேரடித் தகுதி பெற்றவர் என்ற பெயர் அவருக்கு வந்தது. அதே ரோம் போட்டியில் மல்லாக்கு நீச்சல் வீரர் ஸ்ரீஹரி நடராஜும் தகுதி நேரத்தை எட்டினார். ஒருவர் கதவைத் திறந்தால் அடுத்தவர் நுழைய அதிக நேரம் எடுப்பதில்லை.

டோக்கியோவில் அவருக்கு அரையிறுதி கிடைக்கவில்லை. 1 நிமிடம் 57.22 விநாடி, 24ஆம் இடம். 16 பேர்தான் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். அந்தப் போட்டியில் தங்கம் வென்ற ஹங்கேரி வீரர் கிறிஸ்டோஃப் மிலாக் எடுத்தது 1 நிமிடம் 51.25 விநாடி. இடைவெளியை மறைக்காமல் சொல்கிறோம். நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதும் அப்படியே சொல்ல வேண்டும். அதன் பிறகும் சாஜன் நிறுத்தவில்லை. 2022இல் குஜராத் தேசிய விளையாட்டு விழாவில் 8 பதக்கங்களுடன் சிறந்த வீரராகத் தெரிவானார். அப்போது அவருக்கு வயது 29. அதே விழாவில் சிறந்த வீராங்கனையாகத் தெரிவானவர் கர்நாடகத்தின் ஹாஷிகா ராமச்சந்திரா. நீச்சல்காரிதான், வயது 14. சாஜனுக்கு 2024ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் கிடைத்தது.

பெண்கள் பாடசாலை மேடையில் ஆண் ஒருவரின் கதை எதற்கு என்று நம் அக்காமார் கேட்கலாம். இந்தக் கதையில் நாங்கள் பார்ப்பது அந்தத் தாயைத்தான். ஓடிப் பழகிய ஒரு பெண்ணுக்கு விளையாட்டு வேலையைத் தந்தது. அந்த வேலை இருப்பிடத்தைத் தந்தது. இருப்பிடத்துக்குப் பக்கத்தில் தடாகம் இருந்தது. பெண்பிள்ளை ஒருத்தி விளையாடினால் அந்தப் பயன் அவளோடு நிற்பதில்லை.

பெண்ணின் கதைதான் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது, நம் நாட்டோடு ஒட்டியே இருக்கிறது. வங்காளத்தின் புலா சௌத்ரி ஒன்பது வயதில் தன் முதல் தேசியப் போட்டியிலேயே 6 தங்கம் வென்றவர். 1986இல் கசான் சிங் வெள்ளி வென்ற அதே சோல் விழாவில் பெண்கள் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் இந்தியச் சாதனைகளைப் படைத்தார். 1991இல் கொழும்பில் நடந்த தெற்காசிய விளையாட்டு விழாவில் 6 தங்கம் வென்றார். பிறகு கடலில் இறங்கினார். 2004இல் நம் தலைமன்னாரில் தண்ணீரில் இறங்கியவர் ஏறத்தாழ 14 மணி நேரம் நீந்தித் தனுஷ்கோடியில் கரையேறினார். நம் முன்னோர் கப்பலேறி வந்த அந்தக் கடலை ஒரு பெண் கையால் துழாவிக் கடந்திருக்கிறாள். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன், 1954இல், வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்திச் சென்றார் நவரத்தினசாமி. 1971இல் குமார் ஆனந்தன் அதே நீரிணையைப் போகவும் வரவும் நீந்திக் கடந்தார். 1988 சோல் ஒலிம்பிக்கில் இலங்கைக்காக நீந்தியவர்களில் தீபிகா சண்முகமும் ஒருவர்.

வல்வெட்டித்துறைப் பிள்ளைக்கு வாசலில் கடல் இருந்தது. நெய்வேலிப் பிள்ளைக்குத் தெருக்கோடியில் தடாகம் இருந்தது. நமக்கு என்ன இருக்கிறது? தண்ணீர் இல்லை என்று நாம் சொல்ல முடியாது. மகாவலியும் களனியும் நம் மலைகளில்தான் ஊற்றெடுக்கின்றன. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, மேல் கொத்மலை என்று தோட்டத்துக்குத் தோட்டம் நீர்த்தேக்கம். நாட்டுக்கு மின்சாரம் கொடுக்கிற தண்ணீருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். அந்தத் தண்ணீரில் விழுந்தால் மிதக்கத் தெரிந்த பெண்பிள்ளை நம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தோம் என்று எண்ணிப் பாருங்கள்.

உலகில் 2021இல் மட்டும் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பத்தில் ஒன்பது மரணத்துக்கு மேல் நம்மைப் போன்ற வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில். 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் மரணக் காரணங்களில் அது மூன்றாவது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஆறு வயதுக்கு மேல் அடிப்படை நீச்சலும் தண்ணீர்ப் பாதுகாப்பும் கற்றுக் கொடுங்கள் என்று அந்த நிறுவனம் பரிந்துரைக்கிறது. மலைத் தண்ணீருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. குளிர்ந்த நீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு தன்னை அறியாமல் மூச்சை இழுக்கும். தலை தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரைத்தான். முதல் ஒரு நிமிடம் பதறாமல் மல்லாந்து மிதந்தால் அந்த இழுப்பு அடங்கிவிடும். அந்த ஒரு நிமிடத்தைப் பழக்கித்தான் கொடுக்க முடியும், புத்தகத்தில் படித்து வராது.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். உலகின் பெரிய நீச்சல் வீரர்கள் பயிற்சிக்காக மலையேறுகிறார்கள். அமெரிக்காவில் ஃபிளாக்ஸ்டாஃப் என்ற நகரம் ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகத் தடாகத்தில் வாரக்கணக்கில் தங்கி நீந்துவார்கள். காற்றழுத்தம் குறைந்த இடத்தில் பழகினால் இரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடும் என்பதற்காக. அவர்கள் தேடிப் போகிற உயரத்தில் நாம் பிறந்தே இருக்கிறோம். பட்டிப்பொலயில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். இங்கே யார் நீந்துவது என்று தொடக்கத்தில் கேட்டோமே, அதற்கு இதுவும் ஒரு பதில்.

வழக்கமாக எழுகிற தடைகளையும் வைத்தியர் என்ற முறையில் சொல்லிவிடுகிறோம். வெயிலில் நீந்தினால் பிள்ளை கறுத்துப் போவாள் என்பார்கள். நிறம் திரும்பி வரும், உயிர் வராது. பெரிய பிள்ளையானால் நீந்தக் கூடாது என்பார்கள். மாதவிடாய் நாட்களில் நீந்துவதற்கு வைத்தியத்தில் தடை எதுவும் இல்லை. பிள்ளைக்கு விருப்பமில்லாவிட்டால் அந்த இரண்டு மூன்று நாள் கரையில் இருக்கட்டும். உடுப்பு கூச்சமாக இருக்கிறது என்பார்கள். கை கால் மூடிய நீச்சல் உடை இன்று கிடைக்கிறது. பெண் பயிற்றுநரும், ஆசிரியை ஒருவர் கூட இருப்பதும் இருந்தால் பாதிக் கூச்சம் போய்விடும். வலிப்பு, இதய நோய், காதில் ஓட்டை உள்ள பிள்ளைகளை மட்டும் முதலில் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இப்போது எங்கள் வேண்டுகோள். நூற்றாண்டு நிதியில் நுழைவாயில் வளைவு கட்டலாம், மண்டபத்துக்குப் புதுத் திரைச்சீலை போடலாம் என்றெல்லாம் யோசனைகள் இருக்கின்றன. நூலகமும் மலசலகூடமும் முதலில் வேண்டும் என்பவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. அவை கட்டாயம் வேண்டும். தடாகம் கட்டித் தாருங்கள் என்றும் நாங்கள் கேட்கவில்லை. தடாகத்தைக் கட்டுவதைவிட அதன் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் செலவு. நாங்கள் கேட்பது ஒரு பேருந்து, தடாகக் கட்டணம், ஒரு பெண் பயிற்றுநரின் சம்பளம். ஒவ்வொரு ஆண்டும் ஆறாம் தரத்துப் பிள்ளைகள் எல்லோரையும், கெட்டிக்காரி மந்தமானவள் என்று பிரிக்காமல், விடுமுறையில் தாழ்நிலத்தில் இருக்கிற ஒரு தடாகத்துக்கு அழைத்துப் போக வேண்டும். மூச்சை விடவும், மல்லாந்து மிதக்கவும், 25 மீற்றர் நீந்தவும் வந்தால் போதும். வண்ணத்துப்பூச்சி நீச்சல் அதன்பின் வருகிறவளுக்கு வரும்.

இலண்டனில், டொரன்டோவில், மெல்போர்னில், கொழும்பில் இருந்து இந்த மலரைப் படிக்கப் போகிற பழைய மாணவிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகள் அங்கே சனிக்கிழமை காலையில் நீச்சல் வகுப்புக்குப் போகிறார்கள். நனைந்த துவாயை நீங்கள்தான் காயப் போடுகிறீர்கள். அந்த ஒரு வகுப்பின் கட்டணத்தை இங்கே ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கும் சேர்த்துக் கட்டுங்கள். விருப்பமுள்ளவர்கள் இன்று தேநீர் இடைவேளையில் பொருளாளர் அக்காவிடம் பெயர் கொடுங்கள். வெளியூரில் உள்ளவர்கள் சங்கத்துக்கு எழுதுங்கள். முதல் தொகுதிப் பிள்ளைகளின் வைத்தியப் பரிசோதனையை எங்கள் பழைய மாணவிகளில் வைத்தியர்களாக இருப்பவர்கள் கட்டணமின்றிச் செய்து தருகிறோம்.